யானையா, கழுதையா? கொல்லிமலையில் நான் சொன்ன தீர்ப்பு

மைக்கைப் பிடித்துப் பழகிக்கொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களில் முக்கால்வாசிப் பேர் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "ஐயா, கைதட்டல் வாங்குவது எப்படி?" கேட்கும்போதே எனக்குச் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. முப்பத்திரண்டு வருஷம் பட்டிமன்ற நடுவராக உட்கார்ந்தவன் நான். கைதட்டல் வாங்குவதில் நாமக்கல், சேலம் வட்டாரத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

குரலை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதெல்லாம் உங்கள் போனிலேயே கிடைக்கிறது. அதற்கு நான் வேண்டாம். என் கணக்கில் நான் சரியாகச் சொன்ன தீர்ப்புகள் கொஞ்சம்தான். அதில் ஒன்று கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில், ஒரு மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் சொன்னது. அதற்கு முன்னால் அதே மேடையில் நான் செய்த தப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தப்பு இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பும் எனக்கு வந்திருக்காது.

தேர்தல் அறிவித்திருந்த நேரம். அந்த ஊர் நோம்பிக்கு வருஷாவருஷம் பட்டிமன்றம் உண்டு. முந்தின வருஷம் "குடும்பத்தில் விட்டுக்கொடுப்பது மாமியாரா மருமகளா" என்று வைத்து, அது முடிந்த கையோடு இரண்டு வீட்டில் அடுப்பு தனியாகிவிட்டது. ஆகவே குடும்பத் தலைப்பு வேண்டாம் என்று ஊரே சொல்லிவிட்டது. அனுமதி கேட்கப் போன இடத்தில் போலீஸ்காரர்கள் "கட்சி, சாதி, மதம் எதுவும் மேடையில வரக்கூடாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். இத்தனையும் கழித்துவிட்டால் பட்டிமன்றத்தில் பேச என்னதான் மிச்சம் இருக்கும்?

விழாக் கமிட்டியில் ஒரு மிளகு வியாபாரி இருந்தார். பொழுதுக்கும் போனில் வெளிநாட்டுச் செய்தி பார்ப்பவர். "அங்க எவனோ குண்டு போடறான், இங்க டீசல் ஏறுது, லாரி வாடகை ஏறுது, எம் மிளகு மலை இறங்க மாட்டேங்குது. அதுக்கு ஆரு பொறுப்புன்னு கேட்டா என்ன தப்புங்கறேன்?" என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் தலைப்பு பிறந்தது: "அமெரிக்கா நடத்திய போர்களுக்குப் பெரிதும் பொறுப்பு யானைச் சின்னக் கட்சியா? கழுதைச் சின்னக் கட்சியா?" யானை என்றால் அங்கே குடியரசுக் கட்சி. கழுதை என்றால் ஜனநாயகக் கட்சி. பெயர்கள் வாயில் நுழையாதவர்களும் சின்னத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். நம் ஊரில் சின்னம் தெரிந்தால் போதாதா?

அந்தத் தலைப்புக்கும் அனுமதி லேசில் கிடைக்கவில்லை. யானை நம் தேசத்திலும் ஒரு கட்சிக்குச் சின்னம் என்று சப்-இன்ஸ்பெக்டர் இழுத்தார். பேனரில் இருந்த யானைக்கு அமெரிக்கக் கொடி நிறத்தில் ஒரு தொப்பி வரைந்த பிறகுதான் சரி என்றார். அதுவும் சும்மா இல்லை. "மேடையில் இந்தியக் கட்சி அரசியல் பேசினால் நானே பொறுப்பு" என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். கமிட்டி ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்திருக்கிறார்கள். கமிட்டிச் செயலாளர் தமிழ்ச்செல்வி போட்டுக் கொடுத்துவிட்டார்.

தமிழ்ச்செல்வி அந்த ஊர் அங்கன்வாடிப் பணியாளர். முப்பத்தைந்து வயது இருக்கும். நானும் பேச்சாளர்களும் சேந்தமங்கலத்திலிருந்து வேனில் வளைவு வளைவாக ஏறி, குடலெல்லாம் வாய்க்கு வந்து, ஒருவழியாக இறங்கியபோது அவர்தான் தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றார். மற்றவர்கள் முகம் கழுவப் போனதும் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஏனுங்க சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அந்தப் பேப்பர்ல கையெழுத்து நான் போட்டிருக்கேனுங்க. நம்மூர்க் கட்சிப் பேச்சு வந்துருச்சுன்னா எம் மேல கேஸ் வரும், வேலை போயிருமுங்க. எட்டு வருசம் உதவியாளரா கழுவித் துடைச்சு, போன வருசந்தான் பணியாளர் ஆனேன். பாத்து நடத்திக் குடுங்க சார்."

"நீ பயப்படாதே கண்ணு. நான் மைக்கைப் பிடித்தால் ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போகாது" என்றேன். என்ன தெனாவெட்டு! இன்று அந்த வாக்குறுதியை நினைத்தாலே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். பொழுது சாய்வதற்குள் முடிக்க வேண்டும் என்பது உத்தரவு. பந்தல் நிறைந்திருந்தது. பெரக்கரை நாட்டிலிருந்தெல்லாம் ஜீப்பில் வந்திருந்தார்கள். வந்தவர்கள் உட்கார்ந்த விதத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். இடப்பக்கம் ஒரு கட்சிக்காரர்கள், வலப்பக்கம் இன்னொரு கட்சிக்காரர்கள். கரை வேட்டி கட்டக் கூடாது என்று தடை இருந்ததால் எல்லாரும் வெள்ளை வேட்டியில் இருந்தார்கள். நடுவில் பெண்கள். பின்னால் சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு ஏட்டும்.

யானைதான் பொறுப்பு என்ற அணிக்குத் தலைவர் ஒரு கல்லூரி வரலாற்றுப் பேராசிரியர். எழுந்தவுடனே, "அமெரிக்க நாடு போருக்குப் போனபோதெல்லாம்..." என்று தொடங்கினார். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அது எந்தப் பக்கம் இருக்கற நாடுங்க? பெரக்கரையத் தாண்டியா?" பந்தலே சிரித்தது. மலையில் நாடு என்றால் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்த ஒரு வட்டம் என்பது கீழேயிருந்து வந்த அவருக்குத் தெரியாது. மனிதர் வியர்த்துப் போனார். ஆனால் கெட்டிக்காரர், சமாளித்துக்கொண்டு பிடிபிடியென்று பிடித்தார். ஸ்பெயினோடு சண்டை போட்டுப் பிலிப்பைன்ஸ் வரை போனது யார் ஆட்சியில்? யானை. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியது? யானை. பயங்கர ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி இராக்கில் இறங்கி, கடைசிவரை அந்த ஆயுதத்தைக் காட்டாதது? அதுவும் யானை!

கழுதைதான் பொறுப்பு என்ற அணிக்குத் தலைவர் ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பேனரில் கழுதைப் படத்துக்கு நேர்கீழே நாற்காலி போட்டதில் காலையிலிருந்தே அவருக்கு மனத்தாங்கல். அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பேசினார். மெக்சிகோவோடு போரிட்டுப் பாதி நிலத்தை வாங்கிக்கொண்டது கழுதை ஆட்சி. இரண்டு உலகப் போரிலும் இறங்கியபோது கழுதை ஆட்சி. கொரியா? கழுதை. வியட்நாமில் லட்சக்கணக்கில் படையைக் கொண்டுபோய்க் கொட்டியது? கழுதையேதான்! "வியட்நாம் போரை ஆட்சிக்கு வந்த பிறகும் வருஷக்கணக்கில் நீட்டி, பக்கத்துக் கம்போடியாவிலும் குண்டு போட்டது யானை" என்று பேராசிரியர் குறுக்கே எழுந்தார். "அடிமை முறையை ஒழித்த உள்நாட்டுப் போரும் யானை ஆட்சியில்தான். அதைப் பழியில் சேர்ப்பீர்களா, புகழில் சேர்ப்பீர்களா?" என்று ஏஜெண்ட் மடக்கினார். அடடா, நல்ல சண்டை! இந்த மாதிரி இரண்டு பேர் அமைந்தால் நடுவருக்கு வேலையே இல்லை, பேசாமல் இருந்தாலே போதும்.

எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. ஒரு மணி நேரமாகக் கைதட்டல் முழுக்க அவர்கள் இரண்டு பேருக்கே போய்க்கொண்டிருந்தது. நடுவர் ஒருத்தன் இருக்கிறானே என்று யாராவது நினைக்க வேண்டாமா? ஏஜெண்ட் உட்கார்ந்ததும் மைக்கை இழுத்தேன். "ஆக, ஆட்சியில் இருக்கும்போது போர் தர்மம், எதிர்க்கட்சி ஆனதும் அதே போர் அதர்மம்!" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மூச்சு இடைவெளி விட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஏனுங்க, அமெரிக்காவில் மட்டும்தானா இப்படி?" என்று சேர்த்துக்கொண்டேன்.

பந்தல் வெடித்தது. இடப்பக்கம், வலப்பக்கம், நடுவில் பெண்கள், எல்லாரும் தட்டினார்கள். விசில் பறந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். தம்பி, அந்தப் போதையை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சரியாகப் பத்து விநாடி. பதினோராவது விநாடியில் இடப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, "அது உங்க தலைவருக்குத்தாண்டா சொன்னாரு!" என்று வலப்பக்கத்தைக் கைகாட்டிக் கத்தினார். "உங்காளு செஞ்சத மறந்துட்டியா?" என்று அங்கிருந்து பதில் வந்தது. பேரைச் சொன்னார்கள். பேருக்குப் பேர் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் தலைக்கு மேலே போயின. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினார்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்கு வந்தார். கையில் அந்தக் கையெழுத்துப் போட்ட தாள். அவரைக் கண்டதும் கூச்சல் கொஞ்சம் அடங்கியது. ஒதுங்கிய பெண்கள் திரும்பி உட்கார்ந்தார்கள், நாற்காலி தூக்கியவர்களும் அதைப் பிடித்தபடியே தரையில் குந்தினார்கள்.

"இதுக்கு யாருங்க பொறுப்பு?" என்றார்.

கேள்வியைக் கவனியுங்கள். ஒரு மணி நேரமாக நாங்கள் மேடையில் அமெரிக்காவைக் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி. பேராசிரியர், "ஏஜெண்ட்தான் சார் சூடு ஏத்துனாரு" என்றார். "குறுக்க எந்திரிச்சு ஆரம்பிச்சு வெச்சது பேராசிரியருங்க" என்றார் ஏஜெண்ட். கீழே இடப்பக்கம் வலப்பக்கத்தைக் காட்டியது. வலப்பக்கம் இடப்பக்கத்தைக் காட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மேஜையில் இருந்த மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவம், வாய் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்றும் எனக்குத் தீரவில்லை. பிள்ளைகளே, நெருக்கடியில் நமக்கு முதலில் வருவது மௌனம்தான், அறிவு அதற்குப் பிறகுதான் மெல்ல வந்து சேரும்.

தமிழ்ச்செல்வி மேடைப் படியருகே நின்றிருந்தார். சப்-இன்ஸ்பெக்டர் தாளைப் பிரித்து, "தமிழ்ச்செல்வின்னு போட்டிருக்கு. நீங்கதானே? ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போகணும்மா" என்றார்.

"வாரேனுங்க. அதுக்கு முன்ன ரெண்டு வார்த்தை பேசிக்கிறேன்" என்று அவர் மேலே ஏறி, என் முன்னால் இருந்த மைக்கை எடுத்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம ஊர்க் கூட்டத்துல ஒரு தகராறுன்னு வந்தா, ஆரம்பிச்சது ஆருன்னு நாம கேக்கறதில்ல. கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க, விடிஞ்சாலும் முடியாது. அதுக்குச் சரின்னு சொன்னது ஆரு ஆருன்னுதான் கேப்போம். சரின்னு சொன்னவங்க எந்திரிச்சு நிப்பாங்க. இன்னிக்கும் அதையே கேக்கறேன். சாரு அந்தப் பேச்சுப் பேசினப்பக் கை தட்டுனீங்களே, தட்டுனவங்கல்லாம் எந்திரிங்க சாமி."

முதலில் நான்தான் எழுந்தேன். "பேசியவன் நான். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, வேண்டுமென்றே பேசினேன்" என்றேன். மைக் இல்லாமலே உரக்கச் சொன்னேன். பேராசிரியர் எழுந்தார். ஏஜெண்ட் எழுந்தார். கீழே முதலில் மிளகு வியாபாரி எழுந்தார். அப்புறம் பெண்கள் வரிசை வரிசையாக. இடப்பக்கம் எழுந்தது, வலப்பக்கமும் எழுந்தது. தூக்கிய நாற்காலிகளை முதலில் கீழே வைத்துவிட்டுத்தான் நின்றார்கள். கடைசியில் பின்னாலிருந்து ஏட்டு விறைப்பாக நின்றபடியே, "ஐயா, நானும் தட்டிட்டேனுங்கய்யா" என்றார்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு மட்டும் பக்கத்திலிருந்து தெரிந்தது. "அப்ப தட்டாதவங்க யாருதாம்மா?" என்றார்.

"நான் ஒருத்திதானுங்க தட்டல. சாரு வாயத் தொறந்ததுமே பக்குன்னு ஆயிப்போச்சு, கை வரல" என்றார் தமிழ்ச்செல்வி.

நான் மேஜையைச் சுற்றி வந்து சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றேன். "அந்தத் தாளில் என் பெயரை எழுதுங்கள். அவர் பெயரை அடியுங்கள்" என்றேன். அடிக்க முடியாது, வேண்டுமானால் கீழே சேர்த்துக்கொள்ளலாம் என்றார். கையெழுத்துப் போட்டேன். பேராசிரியர் பேனாவை வாங்கினார். ஏஜெண்ட் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "தேதியும் போடுங்க" என்றார். அதற்குள் மேடைப் படியில் வரிசை நின்றுவிட்டது. நாற்காலி தூக்கிய இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். தாளின் முன்பக்கம் கையெழுத்தால் நிறைந்து பின்பக்கமும் கால்வாசி ஆனபோது சப்-இன்ஸ்பெக்டர் தாளைப் பிடுங்கிக்கொண்டார்.

"போதும், போதும்! இத்தனை பேரை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போக எத்தனை பஸ்ஸுக்கு நான் சொல்றது?" என்றவர், தமிழ்ச்செல்வியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கூட்டம் அமைதியா முடிஞ்சுதுன்னு எழுதப் போறேம்மா. அதைப் பொய்யாக்கிடாதீங்க."

தமிழ்ச்செல்வி அங்கேயே மேடைத் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை. வேலை பிழைத்தது. அந்த வேலையைக் காப்பாற்றித் தருவதாகச் சொன்னவன் நான். காப்பாற்றிக்கொண்டவர் அவர்.

படி இறங்கிய சப்-இன்ஸ்பெக்டர் திரும்பினார். "சார், தீர்ப்பு இன்னும் சொல்லலீங்களே?"

நான் வரும்போதே ஒரு தீர்ப்பை எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நம் தொழிலில் இது நடக்கிற காரியம்தான், நீங்களும் செய்வீர்கள், மறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் தட்டும்படியாக, நகைச்சுவையாக, யானைக்குக் கொஞ்சம் கழுதைக்குக் கொஞ்சம் என்று பங்கு வைத்த தீர்ப்பு. அதை எடுக்கவில்லை. அன்றுதான் அந்த மேடையில் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருந்தது. அதை உபயோகிக்காமல் இறங்கினால் நான் நடுவரே இல்லை என்று தோன்றியது. இதோ, அன்று சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"ஆரம்பித்தது எந்தக் கட்சி என்று கேட்டால் ஒவ்வொரு போருக்கும் ஒரு சின்னம் சொல்லலாம். இரண்டு அணியும் சரியாகத்தான் சொன்னார்கள், இரண்டு பேர் கதையிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த ஊர் கேட்கிற கேள்வியை நான் அமெரிக்காவைக் கேட்கிறேன். சரி என்று சொன்னவர்கள் எழுந்து நில்லுங்கள்! வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த அதிபர் அதிகாரம் கேட்டபோது கீழ்ச்சபையில் ஒருவர் கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. மேல்சபையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஆப்கானிஸ்தானுக்குப் படை போவதற்கு முன்னால் இரண்டு சபையிலும் சேர்த்து வேண்டாம் என்றது ஒரே ஒரு பெண், கழுதைக் கட்சிக்காரர். அதற்கு அறுபது வருஷம் முந்தி, ஜப்பானோடு போர் என்றபோது தனியாக வேண்டாம் என்றதும் ஒரே ஒரு பெண்தான், அவர் யானைக் கட்சிக்காரர். இராக்கில் இறங்கும்போது கழுதைக் கட்சியிலும் எத்தனையோ பேர் சரி என்றார்கள், வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். கொரியாவுக்கு? சபையைக் கேட்கவே இல்லை. கேட்காமல் போனதைப் பொறுத்துக்கொண்டவர்களும் எழுந்து நிற்கத்தான் வேண்டும். எல்லாப் போரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அடிமைகளை விடுவித்ததும் போர்தான், இல்லாத ஆயுதத்தைத் தேடிப் போனதும் போர்தான். சரி என்றவர் எதற்குச் சரி என்றார் என்று பார்த்துத்தான் பழியா புகழா என்று சொல்ல முடியும். ஆனால் பொறுப்பு இரண்டு கட்சிக்கும் உண்டு, அவர்களுக்குக் கைதட்டி அனுப்பிய ஜனங்களுக்கும் உண்டு. இதுதான் தீர்ப்பு."

மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். இவ்வளவு காலத்தில் நான் தீர்ப்புச் சொல்லி முடித்த கணத்தில் கைதட்டல் வராமல் இருந்ததே இல்லை. அன்று வரவில்லை. நிறைந்த பந்தலில் ஒருவர் கையும் எழவில்லை. முன்வரிசையில் மிளகு வியாபாரி இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, தட்டாமல், அடுத்த நாற்காலிக்காரரிடம் குனிந்து கேட்டார்.

"ஏனுங்க மாமா, இதுக்குத் தட்டலாமுங்களா?"

"இருங்க மாப்ள," என்றார் அவர். "நல்லா யோசிச்சுட்டுத் தட்டுவோம்."